நான் எடுக்கச் சொன்ன வரிகள்

எங்கள் கம்பெனியில் எனக்குப் பிறகு வந்த பிள்ளைகள் உள்ளுக்குள் ஒரு இதழ் நடத்துகிறார்கள். ஓய்வுபெற்ற ஒருவரிடம் அனுபவக் கட்டுரை வாங்கிப் போடுவது அதில் வழக்கம். என்னிடம் கேட்டபோது விஷயத்தையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள். "அந்த மெயிலைப் பத்தி எழுதுங்க சார்" என்றார்கள். கூடவே ஒரு செய்தியும் சொன்னார்கள். இப்போதெல்லாம் யார் கோடு, அதாவது கம்ப்யூட்டர் நிரல், எழுதினாலும் முதலில் மெஷின்தான் அதை ரிவ்யூ செய்கிறதாம். காற்புள்ளி, இடைவெளி, பெயர் வைத்த லட்சணம் எல்லாவற்றையும் கண்மூடித் திறப்பதற்குள் சொல்லிவிடுகிறதாம். உங்கள் காலத்தில் இதையெல்லாம் ஒரு மனிதர் உட்கார்ந்து பார்த்தாரா என்று வியந்துபோய்க் கேட்டார்கள்.

பார்த்தோம். நான் அதைத்தான் அதிகம் பார்த்தேன். வெட்கக்கேடு அங்கேதான் தொடங்குகிறது.

"அந்த மெயில்" என்று அவர்கள் சொல்வது, ஓய்வுபெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் நான் என் மேலதிகாரிக்கு எழுதியது. ஒரு பெரிய பிழைக்கு நான்தான் காரணம் என்று அதில் ஒப்புக்கொண்டிருந்தேன். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அதை இன்றும் எடுத்துக்காட்டாகக் காட்டுகிறார்கள் என்று தெரிந்தபோது எனக்குக் காது சூடாகிவிட்டது. அதைப் பார்த்து நாலு பிள்ளைகள் நாளைக்கு அதே மாதிரி ஒரு மெயில் எழுதிவிடக் கூடாது. இந்தக் கட்டுரைக்கு ஒத்துக்கொண்டது அதற்காகத்தான்.

சுந்தரபாண்டியபுரத்தில் பிறந்து, திருநெல்வேலியில் படித்து, பெங்களூருக்கு பஸ் ஏறிய கதை எல்லாருக்கும் இருப்பதுதான். அதை விட்டுவிடுகிறேன். நான் வேலை கற்றது தாமஸ் சாரிடம். அவருக்குச் சொந்த ஊர் கேரளத்துப் புனலூர், தமிழில் பாதி மலையாளம் கலந்துதான் பேசுவார். என்னைவிட ஒரு வயது இளையவர், ஆனாலும் எனக்குக் கடைசிவரை சார்தான்.

தாமஸ் சார் கோடு படிக்கிற விதமே தனி. திரையில் படிக்க மாட்டார். காகிதத்தில் அச்செடுத்து, எங்களையும் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு வரியில் பென்சிலை ஊன்றுவார். "நல்லபடியா நடந்தா எந்து செய்யும்னு எழுதினவனுக்கே தெரியும். அது நமக்கு வேண்டா. தோத்தா எந்து செய்யும்? அதைக் காட்டு" என்பார். நாங்கள் பதில் சொன்னதும் பென்சில் அடுத்த வரிக்கு நகரும். "இது தோத்தா?" மறுபடி அடுத்த வரி. "இது தோத்தா?" அதே குரல், அதே நிதானம். வாங்கிவந்த காபி ஆறி ஏடு கட்டிவிடும். பதில் தெரியாமல் யாராவது முழித்தால் திட்ட மாட்டார். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு எழுந்து போய்விடுவார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருக்கும்.

அவரிடம் இன்னொரு கண்டிப்பும் உண்டு. எங்கள் தொழிலில் ரிவ்யூ என்பது ஊரறிய நடப்பது. ஒருவர் தான் எழுதிய கோடு முழுவதையும் பொது முகவரிக்கு மெயிலாக அனுப்புவார். பார்க்கிறவர் குறைகளை வரிவரியாக எழுதி, எல்லாருக்கும் தெரியும்படி பதில் போடுவார். எழுதியவர் திருத்தி அடுத்த பதிப்பை அனுப்புவார். இந்த மெயில்கள் எல்லாம் இணையத்தில் அப்படியே கிடக்கும், யாரும் எப்போதும் படிக்கலாம். "யாரைப் பத்திப் பேசுதோமோ, அவரு பேரு ஆ மெயில்ல இருக்கணும். இல்லெங்கில் அது ரிவ்யூ அல்ல, பொறணியாக்கும்" என்பார் தாமஸ் சார். புதிதாக வந்த ஒவ்வொருவருக்கும் நான் இதை அவரைவிடக் கண்டிப்பாகச் சொல்லிக்கொடுத்தேன். மெயிலில் ஒரு பெயர் விட்டுப்போனால் கூப்பிட்டுக் கேட்பேன்.

நாங்கள் பார்த்த வேலை என்ன என்று இங்கே சொல்லிவிடுவது நல்லது. போன், டேப்லெட் மாதிரி கருவிகளின் அடியில் ஓடும் ஆதார மென்பொருளுக்குக் கர்னல் என்று பெயர். அதில் வன்பொருளின் ஒவ்வொரு பாகத்தோடும் பேசுவதற்கென்று இருக்கும் துண்டுதான் டிரைவர். எங்கள் டிரைவரின் வேலை கேட்டு வாங்கித் தருவது. கேமராவுக்கு இவ்வளவு மின்சாரம் வேண்டும், திரைக்கு இந்த வேகம் வேண்டும் என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். கொடுக்க வேண்டியது சிப்பின் ஒரு மூலையில் இருக்கும் சின்னக் கன்ட்ரோலர். ஒவ்வொன்றாகக் கேட்டால் நேரம் வீண் என்பதால் பல கோரிக்கைகளை ஒரே கட்டாகக் கட்டி அனுப்பிவிட்டு, எல்லாவற்றுக்கும் பதில் வரும்வரை டிரைவர் காத்திருக்கும். வருகிற பதிலை வாங்கிக்கொள்ள நினைவகத்தில் ஒரு இடத்தைப் பிடித்துவைத்திருக்கும். பதில் எல்லாம் வந்ததும் அந்த இடத்தைக் காலி செய்து வேறு யாருக்காவது கொடுத்துவிடும்.

சொன்ன கெடுவுக்குள் பதில் வராவிட்டால் டிரைவர் கிளம்பிவிடும். எத்தனை நேரம்தான் காத்திருப்பது? ஆனால் கிளம்பும்போது அந்த இடத்தைக் காலி செய்துவிட்டுப் போவதா, வைத்திருப்பதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. காலி செய்துவிட்டால், பிறகு தாமதமாக வருகிற பதில், அங்கே புதிதாகக் குடிவந்தவருடைய பொருளின் மேல் போய் விழும். தாமஸ் சாரின் பென்சில் கண்டிப்பாக நிற்கிற இடம் அது.

நோய்க்காலத்தில் ஆபீஸை மூடி எல்லாரையும் வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்னபோது நான் தென்காசிக்கு வந்துவிட்டேன். ஆபீஸ் திறந்த பிறகும் திரும்பிப் போகவில்லை. அந்தச் சமயத்தில்தான் கோமதி எங்கள் குழுவில் ஒப்பந்தத்தில் சேர்ந்தார். பெயரை மாற்றியிருக்கிறேன், அவர் கேட்டுக்கொண்டது. நாற்பதைத் தாண்டியவர். நல்ல வேலையில் இருந்து, பிள்ளைகளுக்காக அதை விட்டுவிட்டு, அவர்கள் வளர்ந்த பிறகு மறுபடி தொழிலுக்குள் வந்தவர். இருப்பது செங்கோட்டை. கணவர் கேரளத்துக்குக் காய்கறி அனுப்புகிற மண்டி வைத்திருக்கிறார்.

முதல் போன் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"வணக்கம் அண்ணாச்சி, நான் செங்கோட்டைல இருந்து பேசுதேன். நீங்க தென்காசின்னு சொன்னாங்க. நம்ம பக்கத்து ஆளுன்னு கேட்டதும் ஒரு தெம்பா இருந்துச்சு."

"ஆபீஸ் விஷயத்துல அண்ணாச்சி எல்லாம் வேண்டாம்மா. சார்னே சொல்லுங்க" என்றேன்.

"சரிங்க சார்" என்றார். அதற்குப் பிறகு ஒருநாளும் அண்ணாச்சி என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை.

கோரிக்கைகளைக் கட்டாக அனுப்புகிற அந்த டிரைவரைப் புதிதாக எழுதுவது அவர் வேலை. அதை ரிவ்யூ செய்வது என் வேலை. எங்கள் வழக்கப்படி, பார்த்தவருக்குத் திருப்தி என்றால் மெயிலின் அடியில் தன் பெயரோடு ஒரு வரி போட வேண்டும். "பார்த்தேன், சரி" என்று அதற்குப் பொருள். கோடு இருக்கிறவரை அந்தப் பெயரும் அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும். நான் அந்த வரியை லேசில் கொடுக்கிற ஆள் இல்லை. நான் பெயர் போட்ட கோடில் பெரிய பிழை வந்ததில்லை என்று எனக்கொரு தலைக்கனம் இருந்தது.

முதல் பதிப்பு வந்ததும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். இங்கே காற்புள்ளி இல்லை, அங்கே வெற்றுவரி அதிகம், இந்தப் பெயர் நீளம், அந்தப் பெயர் குட்டை. திருத்தி அனுப்பினார். அதிலும் பிடித்தேன். காபி கொண்டுவந்த என் மனைவி திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்க, கல்யாணப் பத்திரிகைக்கு புரூப் பாக்க மாதிரில்லா பாக்கீங்க" என்றாள். நான் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் பதிப்பில் அந்த வரிகள் இருந்தன. கெடு தாண்டிவிட்டால் இடத்தைக் காலி செய்யாமல் ஓரமாக வைத்திரு, கடைசிப் பதில் வந்து சேர்ந்த பிறகு அந்தப் பதிலை வாங்குகிறவரே காலி செய்யட்டும் என்று கோமதி எழுதியிருந்தார். ஏன் என்பதற்கு மேலே ஒரு விளக்கக் குறிப்பும் இருந்தது. குற்றால சீசனில் எங்கள் பக்கத்துப் பரோட்டாக் கடைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால் அடுத்தவர் வந்து நின்றுகொண்டிருப்பார். ஐந்து பேர் சேர்ந்து ஒரே தடவையில் சொன்ன ஆர்டர் வரத் தாமதமாகி, அவர்கள் அலுத்துப்போய் எழுந்துவிட்டால், அந்த இடத்தில் வேறு குடும்பம் உட்கார்ந்துவிடும். பிறகு உள்ளேயிருந்து வருகிறவர் ஆள் மாறியதைக் கவனிக்காமல், இவர்கள் இலையில் அவர்கள் கேட்ட சால்னாவை ஊற்றிவிட்டுப் போவார். சைவக் குடும்பமாக இருந்தால் கடையே ரெண்டுபடும். கோமதி அதைத்தான் நாலு வரியில், ஆங்கிலத்தில், அழகாக எழுதியிருந்தார். இலை போட்ட இடத்தை, சொன்னது வந்து சேரும்வரை யாருக்கும் கொடுக்காதே என்று.

அந்தக் குறிப்பின் கீழே நான் எழுதிய பதில் இன்றைக்கும் இணையத்தில் கிடக்கிறது. "இது பரோட்டாக் கடை அல்ல, வன்பொருள். இந்தக் கன்ட்ரோலர் சொன்ன நேரத்துக்குள் எப்போதும் பதில் தரும். நடக்காத விஷயத்துக்குக் கோடு எழுதவேண்டாம். எல்லா வரிகளையும் எடுத்துவிடவும். குறிப்பில் கதை சொல்லவும் வேண்டாம்." இரண்டு மூன்று பேர் சிரிப்புக் குறி போட்டிருந்தார்கள். அன்று முழுக்க எனக்கு நல்ல மனநிலை.

தாமஸ் சாரின் கேள்வியை நான் கேட்க மறந்தேன் என்றால்கூடப் பரவாயில்லை. இன்னொருவர் கேட்டு, பதிலையும் எழுதிவைத்திருந்தார். அதை அடித்துவிடச் சொன்னேன்.

கோமதி போன் செய்தார். "சார், அந்த வரியெல்லாம் எடுத்துட்டா, பதில் பிந்தி வந்தா யாரு எடத்துல போயி எழுதும்?"

"பிந்தி வராதும்மா. இந்தக் கன்ட்ரோலரை நான் நாலு தலைமுறைச் சிப்புலயும் பாத்துட்டேன்."

"சரிங்க சார், எடுத்துடுதேன்" என்றார்.

அப்போது அவரை நிரந்தரமாக்குகிற பேச்சு நடந்துகொண்டிருந்தது. சிபாரிசு செய்ய வேண்டியவன் நான். அந்தப் போனை வைப்பதற்கு முன்னால், "இது நல்லபடியா முடியட்டும். உங்க பெர்மனென்ட் விஷயத்தை நான் பாத்துக்கிடுதேன்" என்று சொன்னேன். அன்பாகச் சொன்னதாகத்தான் அன்று நினைப்பு. இப்போது அந்த இரண்டு பேச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டால் எனக்கே கூசுகிறது. வேலை வேண்டும் என்றால் வரியை எடு என்று நான் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அவர் பணிந்துபோனது அதற்காகத்தான்.

இன்னும் பல பதிப்புகள் போயின. கடைசியில் என் வரியைக் கொடுத்தேன். கோடு கர்னலுக்குள் போனது.

அடுத்த சிப்பில் கன்ட்ரோலரை மாற்றினார்கள். மின்சாரம் மிச்சம் பிடிப்பதற்காக அது ஆழ்ந்து தூங்கும், எழுந்து பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். எங்கள் சிப்பை வாங்கி டேப்லெட் செய்கிற நிறுவனத்தின் சோதனைக் கருவிகளில் பேய் பிடித்தது போல ஆனது. ஒன்றில் திரை நெளியும். ஒன்றில் பாட்டு பாதியில் கத்தும். ஒன்றில் எடுத்த படத்தில் வேறு படத்தின் துண்டு வந்து உட்கார்ந்திருக்கும். ஒரு தடவை வந்த இடத்தில் மறு தடவை வராது. திரைக்காரர்கள் கேமராக்காரர்களைக் கைகாட்ட, அவர்கள் ஒலிக்காரர்களைக் கைகாட்டினார்கள்.

கோமதிதான் முதலில் சொன்னார். "சார், நம்ம டைம்அவுட், அந்தக் கெடு தாண்டுத எடத்தை ஒரு தடவை பாப்பமா?"

"முதல்ல டிஸ்ப்ளேக்காரங்க ஒழுங்காப் பாக்கட்டும்" என்றேன்.

அவர் என்னிடம் மறுபடி கேட்கவில்லை. தானாகவே உட்கார்ந்து, நினைவகத்தைக் கண்காணிக்கிற கருவியை ஓடவிட்டு, பிழை எங்கள் டிரைவரில்தான் என்று கண்டுபிடித்து, அவரே அதைப் பொதுவில் எழுதினார்.

அதற்கான கூட்டம் நடந்த அன்று தென்காசியில் விடாத சாரல். எல்லாரும் அவரவர் இடத்திலிருந்து வீடியோவில். தாமஸ் சார் அதற்குள் பெரிய பதவிக்குப் போயிருந்தார். கையில் பென்சில் இல்லை. கோடு படிப்பதையும் விட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் திரையில் அந்தப் பகுதியைக் காட்டச் சொல்லி, பழைய குரலிலேயே கேட்டார்.

"தோத்தா எந்து செய்யும்னு இவிட ஒண்ணும் காணலையே கோமதி."

"முதல்ல எழுதியிருந்தேன் சார். பெறவு எடுத்துட்டேன்."

"எதுக்கு எடுத்தது?"

கோமதி உடனே பதில் சொல்லவில்லை. அந்த இடைவெளி எனக்காக விட்டது என்பது எனக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தில் வேறு யாருக்கும் தெரியாது. மூன்றாம் பதிப்பின் மெயில்களை யாரும் தேடிப் படித்திருக்கவில்லை. கோடு உள்ளே போய்விட்டால் பழைய பதிப்புகளை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? என் மைக் அடைத்திருந்தது. விரல் அந்தப் பொத்தானின் மேலேயே இருந்தது. நான் அழுத்தவில்லை.

"தேவையில்லைன்னு பட்டுச்சு சார். என் பேர்ல உள்ள கோடு, என் தப்புதான்" என்றார் கோமதி.

பயந்துவிட்டேன் என்று சொன்னால் அது எனக்குக் காட்டுகிற சலுகை. ஓய்வுபெற இருந்தவனை யார் என்ன செய்துவிட முடியும்? சம்பளம் வெட்ட மாட்டார்கள், வெளியே தள்ள மாட்டார்கள். நான் பெயர் போட்டதில் பிழை வந்ததில்லை என்ற அந்த ஒரு பெருமையைக் கடைசி சில மாதம் பொத்திவைத்துக்கொண்டேன். நான் இழப்பதற்கு அது ஒன்றுதான் இருந்தது. அவருக்கு வேலை இருந்தது.

கூட்டம் முடிந்ததும் கோமதிக்குப் போன் போட்டேன். நெட் எப்படி இருக்கிறது, மழை எப்படி என்று கேட்டேன்.

"பரவால்ல சார். நீங்க பாத்துக்கிடுவீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றார்.

"பாத்துக்கிடுதேன்" என்றேன்.

அந்த வாரமே தாமஸ் சார் என்னைக் கூப்பிட்டு, கோமதியின் நிரந்தர விஷயத்தில் என்ன செய்யலாம் என்று கேட்டார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "இந்த நேரத்துல நான் என்ன சொல்லதுக்கு சார், நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க" என்று கழன்றுகொண்டேன். அவர் முடிவு செய்தார். ஒப்பந்தம் முடிந்ததும் கோமதியை அனுப்பிவிட்டார்கள்.

பிழையைச் சரிசெய்கிற வேலை என்னிடம் வந்தது. புதிதாக நான் ஒன்றும் எழுதவில்லை. மூன்றாம் பதிப்பிலிருந்து கோமதியின் வரிகளை எடுத்து அப்படியே திரும்பப் போட்டேன், எழுதியவர் என்று அவர் பெயரையே வைத்தேன். ஆனால் எங்கள் முறைப்படி, எந்த மாற்றத்தால் வந்த பிழையை இது சரிசெய்கிறது என்றும் அடியில் குறிப்பிட வேண்டும். அதுவும் கோமதியின் பெயரில் இருந்த மாற்றம்தான். காரணம் எழுதுகிற இடத்தில் "கெடு தாண்டிய நிலை கவனிக்கப்படவில்லை" என்று எழுதினேன். படிக்கிறவர் யாராக இருந்தாலும், இந்த அம்மாள் பிழை செய்தாள், பிறகு அவளே திருத்திக்கொண்டாள் என்றுதான் நினைப்பார்.

அதற்குப் பிறகு அரித்துக்கொண்டே இருந்தது. சாப்பிட உட்கார்ந்தால் அந்தக் கூட்டத்தின் இடைவெளி வந்து நிற்கும். கடைசியில் தாமஸ் சாருக்கு அந்த மெயிலை எழுதினேன். வரிகளை எடுக்கச் சொன்னது நான், கோமதி மறுத்துக் கேட்டார், கூட்டத்தில் நான் வாய் திறக்கவில்லை என்று எல்லாவற்றையும் எழுதினேன். அனுப்புவதற்கு முன்னால் முகவரிக் கட்டத்தில் தாமஸ் சார் பெயர் மட்டும் போதும் என்று தோன்றியது. இது ரெண்டு பேருக்குள் முடிய வேண்டிய விஷயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தாமஸ் சார் நெகிழ்ந்துவிட்டார். அந்த வேலைக்கு அதற்குள் வேறு ஆள் எடுத்துவிட்டதாகவும், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றும் முதலில் எழுதியிருந்தார். பிறகு நீளமாக என்னைப் பாராட்டியிருந்தார். மறுநாள் என் மெயிலைக் கம்பெனி முழுக்க அனுப்பிவைத்தார். நம்மிடம் இருக்க வேண்டிய நேர்மை இதுதான் என்று மேலே ஒரு குறிப்பு. வழியனுப்பு விழாவில் பேசினவர்கள் எல்லாரும் அதைத்தான் பேசினார்கள். கூரியரில் ஒரு ஷீல்டு வந்தது. என் பெயருக்குக் கீழே நேர்மை என்று பொறித்திருந்தது.

என் மனைவிக்கு நடந்தது முழுக்கத் தெரியும். அட்டைப்பெட்டியைப் பிரித்து ஷீல்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தப்பு பண்ணினவருக்கு ஷீல்டு, பண்ணாதவளுக்கு வீட்டுக்குப் போன்னு. நல்ல கம்பெனிதான்" என்று சொல்லிவிட்டு, பிரிட்ஜுக்கு மேலே கொண்டுபோய் வைத்தாள். கரண்ட் பில் பறக்காமல் இருக்க இப்போது அதுதான் பாரம்.

பதில் பிந்தி வந்து வேறொருவர் இலையில் விழும் என்று கோமதி எழுதியிருந்தார். என் பதில் பிந்தி வந்து என் இலையிலேயே விழுந்தது.

ஓய்வுபெற்ற பிறகு, அடுத்த சீசன் தொடங்கியிருந்தபோது, செங்கோட்டைக்கு பஸ் ஏறினேன். தென்காசியிலிருந்து அது ஒரு தூரமே இல்லை. குற்றாலத்துக்குப் போகிற கார்கள் வழியெல்லாம் அடைத்துக்கொண்டு நின்றன. அத்தனை வருடம் பக்கத்து ஊரில் இருந்துகொண்டு மெயிலிலும் போனிலும் மட்டும் பேசிய ஒருவரை அன்றுதான் முதல்தடவையாக நேரில் பார்க்கப் போனேன்.

மண்டிக்குப் பின்னால் வீடு. கோமதியின் கணவர் வாழைக்காய்க் கட்டுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தவர், கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்காரச் சொல்லிவிட்டு டீ சொல்லப் போனார். கோமதி வெளியே வந்து, "வாங்க சார்" என்றார். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. ஒரு சின்னக் கம்பெனிக்கு டெஸ்டிங் வேலை செய்வதாகச் சொன்னார். கர்னல் பக்கம் போகவில்லை.

"அந்த வரியை எடுக்கச் சொன்னது நான்தான்னு கம்பெனிக்கு எழுதிட்டேம்மா" என்றேன். பாரத்தை இறக்கிவைக்கப் போகிறவனின் குரல் எனக்கு வந்துவிட்டிருந்தது.

"அப்படியா? எப்ப சார்?"

"நீங்க போன பெறவு."

"எனக்கு வரலையே." யோசித்துப் பார்த்தார். "சொந்த மெயில் உங்ககிட்ட இருந்துச்சே சார்."

இருந்தது. போன் நம்பரும் இருந்தது.

"வெளிய ரெண்டு எடத்துல இன்டர்வியூ நல்லாத்தான் போச்சு" என்றார் கோமதி. "ரெண்டுலயும் கடைசில அந்தப் பிழையத் தோண்டி எடுத்துட்டு வந்து, இது உங்களுதுதானன்னு கேட்டாங்க. பேரு எனக்குள்ளது, ஆமான்னுதான சொல்லணும்? யாரோ எடுக்கச் சொன்னாங்கன்னு சொன்னா, பழியத் தூக்கி அடுத்தவங்க மேல போடுதேன்னு நெனப்பாங்க. உங்க மெயிலு கையில இருந்தா காட்டியிருப்பேம்லா."



"யாரப் பத்திப் பேசுதோமோ அவங்க பேரு மெயில்ல இருக்கணும்னு நீங்கதான சார் சொல்லிக்குடுத்தீங்க" என்றார். குத்திக்காட்டவில்லை. சொல்லிக்கொடுத்த ஒன்றை ஞாபகமாகச் சொன்னார், அவ்வளவுதான். அதற்குள் டீ வந்துவிட்டது. குடித்தோம். அவருடைய கணவர் புனலூர்ப் பக்கம் வாழைக்காய் விலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்து பழைய மெயில்களைத் தேடி எடுத்தேன். மூன்றாம் பதிப்பில் என் பரோட்டாக் கடைப் பகடிக்குக் கீழேயே, எல்லார் பெயரையும் வைத்து, கோமதியின் சொந்த முகவரியையும் சேர்த்து, பொதுவில் பதில் எழுதினேன். இந்த ரிவ்யூ தவறு, கோடு சரியாக இருந்தது, எடுக்கச் சொன்னது நான் என்று. அந்த மெயில் தொடரில் யாரும் எதுவும் எழுதிப் பல காலம் ஆகியிருந்தது. என் பதிலுக்குக் கீழேயும் யாரும் எதுவும் எழுதவில்லை. ஆனால் இனி அவரிடம் யாராவது கேட்டால் காட்டுவதற்கு ஒன்று இருக்கிறது. இன்டர்வியூ இரண்டும் முடிந்துபோன பிறகு.

இந்தக் கட்டுரையையும் எழுதி முடித்ததும் இதழ்ப் பிள்ளைகளுக்கு அனுப்பும்போது கோமதியையும் சேர்த்தே அனுப்பினேன். இதில் இருப்பது அவர் கதை, அவர் பார்த்து ஒப்புக்கொள்ளாமல் அச்சேறக் கூடாது என்று எழுதினேன். சில நாள் கழித்துப் பதில் வந்தது. பெயரை மாற்றிவிட்டுப் போடலாம் என்று மேலே ஒரு வரி. நாங்கள் கோடுக்கு எழுதுகிற மாதிரியே, என் வாக்கியங்களை மேற்கோள் காட்டி, ஒவ்வொன்றின் கீழும் குறிப்பு எழுதியிருந்தார். மூன்றே குறிப்புகள்.

கூட்டத்தில் என் குரல் உடைந்தது என்று எழுதியிருக்கிறீர்கள், உடையவில்லை, சாரல் நேரத்தில் எங்கள் தெருவில் நெட் அப்படித்தான் விட்டுவிட்டு வரும், அதை எடுத்துவிடுங்கள் என்றது முதல் குறிப்பு. எடுத்துவிட்டேன். என்னைப் பாவம் என்று எழுதியிருக்கும் இடம் வேண்டாம் என்றது இரண்டாவது. அதையும் எடுத்துவிட்டேன்.

மூன்றாவது, பெர்மனென்ட் வேலைக்காகத்தான் அவர் பணிந்துபோனார் என்று நான் எழுதிய வாக்கியத்துக்குக் கீழே இருந்தது. "அதற்காக மட்டும் இல்லை. இத்தனை வருடம் பார்த்தவர் சொல்கிறார், சரியாகத்தான் இருக்கும் என்றும் நம்பினேன். இதைச் சேருங்கள்." அதை எங்கே சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இங்கேயே வைத்திருக்கிறேன்.

மெயிலின் அடிவரை போய்ப் பார்த்தேன். "பார்த்தேன், சரி" என்ற வரி இல்லை. பெயர் மட்டும் இருந்தது.